சிம்ப்ளெக்ஸில் பேசிக்கொண்டே ஊர் சுற்றலாம்: கடலூர், பாண்டி ஹாம்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹாம் லைசென்ஸ் (பொழுதுபோக்காக ரேடியோவில் பேச அரசு தரும் அனுமதி) வாங்கியாச்சு, கையில் ஒரு ஹேண்டியும் (கையடக்க ரேடியோ) வந்தாச்சு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேராகச் செஞ்சிக்கோ பிச்சாவரத்துக்கோ கிளம்பலாம் என்று இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. லைசென்ஸே இன்னும் வாங்காதவர்களுக்கும் ஒரு பதில் உள்ளே இருக்கிறது.

சிம்ப்ளெக்ஸ் என்றால் என்ன? ரிப்பீட்டர் இருக்கும்போது அது எதற்கு?

ஒரே அலைவரிசையில் பேசுவதும் கேட்பதும்தான் சிம்ப்ளெக்ஸ். நடுவில் யாரும் கிடையாது, உங்கள் ஆன்டெனாவிலிருந்து நேராக அவர் ஆன்டெனாவுக்குப் போகிறது. ரிப்பீட்டர் என்பது உயரமான இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு அலைவரிசையில் கேட்டு இன்னொன்றில் திருப்பிச் சொல்லும் பெட்டி. 2 மீட்டர் பேண்டில், அதாவது 144 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்கும் ஹாம் அலைவரிசைகளில், அந்த இரண்டுக்கும் நடுவே வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி இருக்கும். அது கேட்கும் இடத்தில் நீங்கள் இருந்தால் சரி. ஆனால் காட்டுக்குள்ளும் கழிமுகத்திலும் ரிப்பீட்டருக்கு நம் குரல் எட்டுமா என்பதே சந்தேகம், எட்டினாலும் அரை கிலோமீட்டரில் நடந்து வருகிற நண்பரிடம் "தண்ணி பாட்டில் உன்கிட்டயா?" என்று கேட்க மாவட்டம் முழுக்க ஒலிபரப்ப வேண்டியதில்லை. கரண்ட் போனாலோ இடி விழுந்தாலோ ரிப்பீட்டர் படுத்துவிடும் என்பதும் உண்டு. சிம்ப்ளெக்ஸில் படுப்பதற்கு நடுவில் ஒன்றுமே இல்லை.

யூடியூப்பில் எல்லோரும் 146.520 என்கிறார்களே, அதையே வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. அது அமெரிக்காவின் கூப்பிடும் அலைவரிசை. அங்கே 2 மீட்டர் பேண்ட் 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரை. நமக்கு 144 முதல் 146 வரைதான். 146.520இல் இங்கே பிடிடியை (பேசுவதற்கு அமுக்கும் பட்டன்) அமுக்கினால் நீங்கள் ஹாம் பேண்டுக்கு வெளியே, வேறு யாருடைய இடத்திலோ பேசுகிறீர்கள். அதே கதைதான் 446.000க்கும்: அமெரிக்காவில் 70 சென்டிமீட்டர் பேண்டில் அது கூப்பிடும் அலைவரிசை, நமக்கோ 434 முதல் 438 வரை மட்டும். சந்தையில் கிடைக்கிற மலிவு சீன ஹேண்டிகளில் பெரும்பாலானவை 136இலிருந்து 174 வரை எங்கே வைத்தாலும் கேள்வி கேட்காமல் அனுப்பும். ஹேண்டி அனுமதிப்பது வேறு, லைசென்ஸ் அனுமதிப்பது வேறு.

அப்போ எதை வைப்பது?

144க்கும் 146க்கும் நடுவில் எல்லா இடமும் காலி மனை இல்லை. அடியில், 144இன் தொடக்கத்தில், மோர்ஸ் தந்தி மொழியும் நிலாவில் மோதித் திரும்பும் மெல்லிய சிக்னல்களும் இருக்கும். அங்கே எஃப்எம் போட்டால் சாபம்தான். மேலே 145.800 முதல் 146 வரை செயற்கைக்கோள்களுக்கு. சர்வதேச விண்வெளி நிலையம் ஹாம்களோடு பேசுவது 145.800இல், அதில் உட்கார்ந்து பரோட்டாக்கடை விசாரிக்கவேண்டாம். 70 சென்டிமீட்டரில் 435 முதல் 438 வரையும் செயற்கைக்கோள் பகுதி. உங்கள் பக்கத்து ரிப்பீட்டர் எந்த இரண்டு அலைவரிசையில் ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு அந்த இரண்டையும் விட்டுவிடுங்கள். கேட்கும் அலைவரிசையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள், அங்கே நீங்கள் பேசினால் ரிப்பீட்டருக்குக் காது அடைத்துப்போகும்.

இதெல்லாம் போக 145.200க்கும் 145.575க்கும் நடுவில் 25 கிலோஹெர்ட்ஸ் படியில் நிறைய இடம் இருக்கிறது. 145.500 பல நாடுகளில் கூப்பிடுவதற்கு வைத்திருப்பது. அதில் கூப்பிட்டு, ஆள் கிடைத்ததும் வேறு இடத்துக்கு நகர்வதுதான் மரியாதை. உங்கள் குழுவுக்கென்று ஒன்று, அதில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் போவதற்கு இன்னொன்று என இரண்டைக் கிளம்பும் முன்பே முடிவுசெய்து, எல்லோர் ஹேண்டியிலும் ஒரே சேனல் எண்ணில் சேமித்துவிடுங்கள். "ரெண்டுக்கு வா" என்றால் எல்லோருக்கும் அது ஒரே இரண்டாக இருக்கவேண்டும். பாதி சிம்ப்ளெக்ஸ் பிரச்சினை இந்த ஒரு வேலையைச் செய்யாததால் வருவது, மீதி பாதி ஆன்டெனா.

5 வாட் ஹேண்டி எவ்வளவு தூரம் போகும்?

பெட்டி மேல் "10 கிலோமீட்டர்" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், பொய் என்றும் ஒதுக்காதீர்கள். இந்த அலைகள் கிட்டத்தட்ட கண் பார்க்கிற மாதிரி நேர்கோட்டில் போகிறவை, அதனால் கேள்வி வாட் இல்லை, உயரம். கணக்கு சுலபம்: ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அந்த ஆன்டெனாவின் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் வரும். இரண்டு பக்கத்துக்கும் போட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தரையில் நிற்கிறவர் ஹேண்டியைத் தலைக்கு மேல் பிடித்தால் 2 மீட்டர் உயரம், அதாவது 5.8 கிலோமீட்டர் அடிவானம். இரண்டு பேரும் அப்படி என்றால் 11 சொச்சம். இது நடுவில் ஒன்றுமே இல்லாதபோது. முந்திரித் தோப்பும் சவுக்குத் தோப்பும் கான்கிரீட் வீடுகளும் நடுவில் வந்தால் 2, 3 கிலோமீட்டரிலேயே இரைச்சல் ஆரம்பித்துவிடும், நெரிசலான ஊருக்குள் அதுவும் இல்லை. 12 மீட்டர் உயரமுள்ள மொட்டை மாடியில் ஏறினால் ஒருவருக்கு 14 கிலோமீட்டர். கடலூரில் ஒரு மாடி, பாண்டியில் ஒரு மாடி என்றால் 28, ஊர்களுக்கு நடுவே நேர்கோட்டில் 20 சொச்சம்தான். கணக்கு கட்டுகிறது, நல்ல ஆன்டெனா இருந்தால் பேச்சும் கட்டும்.

நம் பக்கம் தட்டையான ஊர் என்பதுதான் சிக்கல், அதுவே வசதியும். கொஞ்சம் மேடு கிடைத்தாலும் பெரிய லாபம். கேப்பர் மலைக்கு மலை என்று பெயர்தான், செம்மண் மேடு. ஆனால் கடலூர்க்காரர்களுக்கு வேறு மலை கிடையாதே.

8 வாட், 10 வாட் ஹேண்டி வாங்கினால்?

பேட்டரி சீக்கிரம் தீரும். 5 வாட்டிலிருந்து 8 வாட்டுக்குப் போனால் 2 டெசிபல், காதுக்கு வித்தியாசமே தெரியாது. 5லிருந்து 50க்குப் போனால்தான் 10 டெசிபல், அதுவும் சிக்னல் மீட்டரில் இரண்டு எஸ் யூனிட்டை, அதாவது இரண்டு படியைக்கூடத் தொடாது. அந்தக் காசை ஆன்டெனாவில் போடுங்கள்.

எந்த ஆன்டெனா?

ஹேண்டியோடு வரும் ரப்பர் குச்சி சட்டைப்பைக்கு வசதியானது, அவ்வளவுதான். அரை மீட்டர் நீளத்துக்குக் கிட்டே உள்ள சாட்டை ஆன்டெனா ஒன்று மாற்றினால் முதல் நாளே தெரியும்; 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். அதோடு, ஹேண்டியின் ஆன்டெனா திருகும் இடத்தில் உலோகப் பகுதியைத் தொடுகிற மாதிரி அதே 50 சென்டிமீட்டருக்கு ஒரு மெல்லிய வயரை மாட்டித் தொங்கவிடுங்கள். புலிவால் என்பார்கள். ஹேண்டிக்கு இல்லாத மறுபாதியை அந்த வயர் கொடுக்கிறது, செலவு ஒன்றுமில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது ரிப்பன் வயரில் செய்யும் ஜே-போல் ஆன்டெனா. தூர்தர்ஷன் காலத்தில் மாடி ஆன்டெனாவிலிருந்து டிவிக்கு இறங்குமே, அந்தத் தட்டையான 300 ஓம் வயர். பரணில் தேடினால் கிடைக்கலாம், இல்லையென்றால் பழைய எலக்ட்ரானிக்ஸ் கடையில் மீட்டர் கணக்கில் கேளுங்கள். ஒன்றரை மீட்டருக்குள் முடிந்துவிடும். சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கும், விரித்து நூலில் கட்டி மரக்கிளையில் ஏற்றினால் உங்கள் ஆன்டெனா திடீரென்று 6 மீட்டர் உயரத்தில். அளவை வெட்டிய பிறகு எஸ்டபிள்யூஆர் மீட்டரில் (பவரை ஆன்டெனா திருப்பி அனுப்பாமல் எடுத்துக்கொள்கிறதா என்று காட்டுவது) ஒருமுறை பார்த்துவிடுங்கள், வயருக்கு வயர் கொஞ்சம் மாறும்.

எந்த ஆன்டெனாவானாலும் செங்குத்தாகப் பிடிக்கவேண்டும். வாயருகே ஹேண்டியைப் படுக்கப்போட்டுப் பேசும் பழக்கம் சினிமாவில் வந்தது. இடுப்பில் மாட்டிக்கொண்டு பேசுவது அதைவிட மோசம், நம் உடம்பு பாதிக்கு மேல் தண்ணீர், பாதி சிக்னலை அதுவே குடித்துவிடும்.

பிச்சாவரத்தில் படகுக்குப் படகு பேச முடியுமா?

முடியும், ஆனால் விட்டுவிட்டு. திறந்த நீர்ப்பரப்பில் இருக்கும்வரை பிரமாதமாக இருக்கும். சுரபுன்னைக் காட்டுக்குள், தலைக்கு மேல் கிளைகள் கூடுகிற அந்தக் குறுகிய கால்வாய்களுக்குள் நுழைந்ததும் சட்டென்று மங்கும். ஈரமான இலை அலையை உறிஞ்சும், வேர்களிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறித்து வரும் அலைகள் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். அங்கே நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் (காப்பி என்றால் ஹாம் பேச்சில் 'கேட்கிறது' என்று அர்த்தம்):

"அண்ணே, காப்பியா?"

"பாதிதான் காப்பி. கொஞ்சம் நகருங்க."

"இப்போ?"

"இப்போ சூப்பர். அங்கேயே நில்லுங்க."

நகர்ந்தது ஒரு துடுப்பு நீளம்கூட இருக்காது. 145 மெகாஹெர்ட்ஸின் அலைநீளமே 2 மீட்டர் சொச்சம்தானே, அதில் பாதி நகர்ந்தாலே செத்த இடத்திலிருந்து நல்ல இடத்துக்கு வந்துவிடலாம். படகு அசையாமல் இருந்தால் கையை மட்டும் நீட்டிப் பாருங்கள். குரல் வெட்டி வெட்டி வந்தால் பேட்டரியைச் சந்தேகப்படும் முன் இதைச் செய்யுங்கள்.

70 சென்டிமீட்டர் பேண்ட் இலைகளுக்குள் இன்னும் சீக்கிரம் சாகும், ஊருக்குள் கட்டடங்களுக்கு நடுவேதான் அது தேவலை. அப்புறம், ஹேண்டியை ஒரு ஜிப் கவருக்குள் போட்டு வாய்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். உப்புத் தண்ணீர் பட்டால் சார்ஜர் முனைகள் பச்சை பூத்துவிடும்.

செஞ்சிக் கோட்டை மேலிருந்து கடலூருக்குப் பேசலாம் என்கிறார்களே, நிஜமா?

கணக்கு போடுங்கள். ராஜகிரி சுமார் 800 அடி, அதாவது 240 மீட்டர். வர்க்கமூலம் 15.5, அடிவானம் 64 கிலோமீட்டர். பாண்டி நேர்கோட்டில் 60க்குள், கடலூர் 70க்குக் கொஞ்சம் கீழே. பாண்டி கடற்கரையில் கையில் ஹேண்டியோடு நிற்கிறவருக்கே கணக்கில் இடமிருக்கிறது. கடலூர்க்காரர் மாடிக்கு ஏறி வெளி ஆன்டெனா மாட்டினால் அவருக்கும். கிழக்கே கடல்வரை தடுக்கிற மாதிரி உயரமாக எதுவும் பெரிதாக இல்லை. உச்சியில் நின்று அழைத்தால் கீழே பல ஊர்களிலிருந்து பதில் வரும், அதனால்தான் உச்சியில் ஏறினவர் குறைந்த பவரில் வைக்கவேண்டும் என்கிறேன். 1 வாட்டில் ஆரம்பியுங்கள். இல்லையென்றால் உங்களுக்குக் கேட்காத யாரோ ஒருவர் பேச்சில் போய் உட்கார்ந்திருப்பீர்கள்.

ராஜகிரிக்கு மேலே ஏற நேரக் கட்டுப்பாடு உண்டு, தொல்லியல் துறை இடம், எதையும் கட்டவோ ஆணி அடிக்கவோ கூடாது. குரங்குகளுக்கு ஆன்டெனா என்றால் என்னவென்று தெரியாது, ஆனால் பிடுங்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்.

சில நாள் ராத்திரி ரொம்ப தூரத்து ஆட்கள் கேட்கிறார்களே?

கடற்கரைக்காரர்களுக்கு இயற்கை கொடுக்கும் போனஸ் அது. சூடான காற்று மேலேயும் குளிர்ந்த ஈரக் காற்று கீழேயும் அடுக்காக நிற்கும் சில இரவுகளில் அலை அந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு கடல் மேலேயே பல நூறு கிலோமீட்டர் ஓடும். நம் கடற்கரையில் சில நாள் இலங்கை எஃப்எம் பாட்டு தெளிவாக வருவதும் இதனால்தான். எஃப்எம் ரேடியோவில் கொழும்பு கேட்டால் ஹேண்டியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுங்கள். ஆனால் இதை நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள், நாளைக்கு இருக்காது.

என் நண்பர்களுக்கு லைசென்ஸ் இல்லை. என் இன்னொரு ஹேண்டியை அவர்களிடம் கொடுக்கலாமா?

கூடாது. பேசும் இரண்டு பேருக்கும் லைசென்ஸ் வேண்டும். அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது: 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை அரை வாட்டுக்குள், ஆன்டெனா கழற்ற முடியாத சின்ன வாக்கி டாக்கிகள் இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் உபயோகிக்கலாம். கடற்கரையில் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் தாராளமாக வரும். உங்கள் 5 வாட் ஹேண்டியை 446க்குத் திருப்பி அவர்களோடு பேசலாமே என்று கேட்காதீர்கள், அந்த விலக்கு அந்தச் சின்னக் கருவிக்குத்தான், அலைவரிசைக்கு இல்லை.

லைசென்ஸ் வாங்குவது ஒன்றும் மலை இல்லை. 12 வயது ஆனால் போதும். தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளத்தில் விண்ணப்பித்துப் பரீட்சை எழுதவேண்டும். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கிடையாது, கால் சைன் (ரேடியோவில் உங்கள் அடையாளப் பெயர்) வியூ3 (VU3) என்று ஆரம்பிக்கும். ஜெனரல் கிரேடுக்கு வியூ2 (VU2), அதற்கு மோர்ஸ் உண்டு.

இன்னொன்று, ஹாம் பேண்டில் வியாபாரம் கூடாது. காசு வாங்கிச் சுற்றுலா கூட்டிப்போகிறவர் தன் ஆட்களை ஒருங்கிணைக்க இதை உபயோகிக்க முடியாது.

ஹேண்டியில் மீனவர்களின் விஎச்எஃப் ரேடியோ பேச்சு கேட்கிறது. ஆபத்தென்றால் அதில் பேசலாமா?

சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், கடல் அவசரத்துக்கு உலகம் முழுக்க ஒதுக்கியது. அதில் ஹாம் லைசென்ஸ் செல்லாது, சோதித்துப் பார்க்கிறேன் என்று ஒரு தடவைகூட அமுக்கவேண்டாம். உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் கையில் இருக்கும் எந்த வழியையும் உபயோகிக்கலாம் என்பது சர்வதேச ரேடியோ விதியிலேயே இருக்கிறது, ஆனால் அந்த நிலை வேறு. போனில் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் போலீஸ் 1093, மற்றதற்கு 112. ஒரு கோடு சிக்னல் இருந்தால்கூட முதலில் போன்தான். ஹேண்டி, போன் செத்த இடத்துக்கு.

எப்போதும் ஹேண்டியை ஆன் செய்து வைத்திருந்தால் பேட்டரி தீர்ந்துவிடாதா?

கேட்பதற்குச் செலவு கம்மி, பேசுவதற்குத்தான் பல மடங்கு. ஆனாலும் இரண்டு நாள் பயணம் என்றால் நேரம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் காட்டுக்குள் போகும் ஹாம்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: காலை 7 மணியிலிருந்து 3 மணி நேரத்துக்கு ஒருமுறை முதல் 5 நிமிடம் எல்லோரும் கூப்பிடும் அலைவரிசையைக் கேட்பது. அலைவரிசையைத்தான் கடன் வாங்கக்கூடாது, வழக்கத்தை வாங்கலாம். நாங்கள் ஒவ்வொரு மணிக்கும் முதல் 5 நிமிடம் வைத்திருக்கிறோம், ஜவ்வாது மலை, கல்வராயன் மலைப் பக்கம் போகும்போது இது நன்றாக வேலை செய்கிறது. பிரிந்து போனவர் மணி அடிக்கும்போது ஒரு மேட்டுக்கு வந்து நிற்பார், அவ்வளவுதான். கூடுதல் பேட்டரியை வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டில் மட்டும் வைக்காதீர்கள்.

எல்லாம் சரியாக வைத்தும் ஒருவருக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. என்ன பார்க்கவேண்டும்?

முதல் சந்தேகம் டோன், அதாவது குரலோடு சேர்த்து அனுப்பும், நம் காதுக்கு எட்டாத அடையாள ஒலி. அவர் ஹேண்டியில் கேட்கும் பக்கமும் டோன் போட்டிருப்பார், அந்த டோன் இல்லாமல் யார் பேசினாலும் ஹேண்டி வாயே திறக்காது. சிம்ப்ளெக்ஸில் டோனை எடுத்துவிடுங்கள். அடுத்து ரிப்பீட்டருக்கு வைத்த 600 கிலோஹெர்ட்ஸ் ஷிஃப்ட் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்: இருந்தால் நாம் பேசுவது அவருக்குக் கேட்கும், அவர் பேசுவது மட்டும் யாருக்கும் வராது. ஸ்குவெல்சை (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் அமைப்பு) 1இல் வையுங்கள், 5இல் வைத்தால் மெல்லிய சிக்னல் உள்ளேயே வராது. குரல் கம்மியாகவோ கரகரப்பாகவோ இருந்தால் சேனல் அகலத்தை ஒருவர் 12.5 கிலோஹெர்ட்ஸிலும் மற்றவர் 25இலும் வைத்திருப்பார்கள். வார்த்தையின் தலை வெட்டுப்பட்டு "...லூர் வந்தாச்சு" என்று வந்தால், பேசுகிறவர் பிடிடியை அமுக்கி ஒரு நொடி விட்டு ஆரம்பிக்கவேண்டும்.

போலீஸ் கேட்டால்?

கேட்பார்கள். கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே சோதனைச்சாவடியில் பையைத் திறப்பது பாட்டிலைத் தேடித்தான், அங்கே ஆன்டெனா வைத்த கருவி வெளியே வந்தால் கேள்வி வராமல் இருக்குமா? லைசென்ஸ் நகலும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும், ஹேண்டி வாங்கிய பில்லும் இருந்தால் நல்லது. ஹாம் லைசென்ஸ் மத்திய அரசு கொடுப்பது, தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் தனித்தனி கிடையாது. லைசென்ஸில் உங்கள் நிலையத்தின் முகவரி இருக்கும், வெளியே கொண்டுபோய்ப் பேசுவதற்கு என்ன நிபந்தனை போட்டிருக்கிறது என்பதை வீட்டிலேயே படித்துவிட்டுக் கிளம்புங்கள். வனத்துறை இடமென்றால் அவர்கள் அனுமதி தனி.

இதெல்லாம் பொழுதுபோக்குத்தானே, புயல் நேரத்தில் உதவுமா?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவில் ஏறியபோது பல நாள் கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் நாம். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல், பாண்டியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. அப்படிப்பட்ட நாளில் செல்போன் கோபுரம் பேட்டரி தீரும்வரைதான். தெருவுக்குத் தெரு, மாடிக்கு மாடி சிம்ப்ளெக்ஸ் பேசத் தெரிந்த நாலு பேர் இருப்பது அப்போது சின்ன விஷயம் இல்லை. ஆனால் யார் மாடியிலிருந்து யார் மாடி கேட்கும் என்பது வெயில் நாளிலேயே தெரிந்திருக்கவேண்டும். ஒரு ஞாயிறு காலை ஆளுக்கொரு மாடியில் ஏறி, யாருக்கு யார் எந்தப் பவரில் வருகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நடுவில் யாரை வைத்தால் செய்தியைக் கைமாற்றலாம் என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.

மலைகளுக்கு நடுவே மாட்டினால் 2 மீட்டர் போதாதே?

போதாது. ஒரு பெரிய மலை குறுக்கே வந்தால் எந்த ஹேண்டியும் தோற்கும். அங்கே 7 மெகாஹெர்ட்ஸ்தான், 10 மீட்டர் வயரை இரண்டு பக்கமும் தாழ்வாகக் கட்டினால் அலை ஏறக்குறைய நேர் மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுச் சுற்றுவட்டாரம் முழுக்க இறங்கும், பகலில் சில நூறு கிலோமீட்டருக்குள் நன்றாகக் கேட்கும். ஆனால் அதற்குத் தனிக் கருவி, பெரிய பேட்டரி, சுமக்க ஒரு ஆள். குழுவில் ஒருவர் அதைத் தூக்கச் சம்மதித்தால் போதும், மற்றவர்கள் அவரோடு சிம்ப்ளெக்ஸில் பேசிக்கொள்ளலாம்.